ஆச்சி வீட்டு வண்டி, ஓட்டமே இல்லை: 66 ஆயிரம் ரூபாய்க் கதை

2020 டிசம்பரில் காரைக்குடியில் இந்தக் காரை வாங்கினேன். 2011 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், ஒரே ஓனர், மீட்டரில் 31,000 கிலோமீட்டர், விலை 1,85,000. கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டு ஆச்சி ஒருவரின் பெரிய வீட்டு வண்டிக்கொட்டகையில் நின்றிருந்தது. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். படைப்பு (முன்னோருக்குப் படையல்), கல்யாணம் என்று வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்தால் எடுப்பார்கள், மற்ற நாளெல்லாம் துணி போர்த்திக் கிடக்கும். "ஆச்சி வீட்டு வண்டி தம்பி, ஓட்டமே இல்லை, புதுசு மாதிரி" என்றார் புரோக்கர். ஓட்டமே இல்லை என்பது சத்தியமான வார்த்தை. அதுதான் வினை என்று புரிய எனக்குப் பதினாலு மாதம் ஆனது.

வாங்கிய மூன்றாம் நாள் திருச்சிக்குக் கிளம்பினேன். திருமயம் தாண்டி 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. அலைன்மென்ட்தான் என்று நினைத்துக் கடையில் விட்டால், கடைக்காரப் பையன் டயரின் பக்கவாட்டில் விரலை வைத்துக் காட்டினான்: 1411. 2011-ஆம் வருடத்தின் 14-வது வாரத்தில் தயாரான டயர். கம்பெனியிலிருந்து வந்த அதே நாலு டயர், பட்டன் (தரையில் படும் மேடு) தேயவே இல்லை, பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டு, ஒரே இடத்தில் நின்று நின்று அடி தட்டையாகிப் போயிருந்தது. நாலு டயர், அலைன்மென்ட், பேலன்சிங் சேர்த்து 14,800. அதே வாரம் பேட்டரியும் கையை விரித்தது, 4,200. அப்புறம் முன்பக்க இடது சக்கரத்தில் கருகல் வாடை. பிரேக் பேடை அழுத்துகிற கேலிப்பரின் பின் துருப்பிடித்து இறுகி, பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிரேக் ஆயில் காப்பி டிகாஷன் நிறத்தில் வந்தது. கிட் மாற்றி, கிரீஸ் வைத்து, புது ஆயில் ஊற்ற 2,200.

இதெல்லாம் செலவோடு போனது. இன்ஜினையே காவு வாங்கப் பார்த்தது கூலிங்தான்.

2021 ஏப்ரல், மதுரைக்குப் போகிற வழி, திருப்பத்தூர் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. ஓரங்கட்டி, ஆறவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே செம்மண் கரைசல் மாதிரித் தண்ணீர். இத்தனை வருடமும் கூலன்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார்கள். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், அதற்காக ரேடியேட்டருக்கும் அதையே ஊற்றினால் துருவும் உப்பும்தான் மிச்சம். காரைக்குடி செஞ்சையில் ஒரு பட்டறையில் காட்டினேன். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிடலாம்ணே, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்றார். நம் பக்கம் பாதிப் பட்டறைகளில் இதே வைத்தியம்தான். இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வ்தான் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், அதுவரை பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். கழட்டினால் முள் இறங்கும், ஆனால் அடைத்துக்கிடக்கிற ரேடியேட்டர் அப்படியேதானே இருக்கும்? மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேறு பட்டறைக்குப் போனேன். ரேடியேட்டர் 3,800, வாட்டர் பம்ப் 1,900, ஹோஸ்கள் 900, புது தெர்மோஸ்டாட் 700, கூலன்ட் 1,000, லேபர் 1,500. மொத்தம் 9,800. முள் ஏறியதைப் பார்த்ததும் நிறுத்தியதால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகத்தை அடைத்து இறுக்கும் தகடு) தப்பித்தது, இல்லையென்றால் கதையே வேறு. அன்றைக்கே வால்வ் கவர் பேக்கிங்கும் ஆயில் கசிந்ததால் மாற்றினோம், 900.

ஏசி விஷயத்தில் நான்தான் ஏமாளி. காற்று குளிரவில்லை என்றதும் 1,600-க்கு கேஸ் அடித்தார்கள், ஒரு மாதத்தில் போய்விட்டது, மறுபடியும் 1,600. கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி தீர்கிற பொருள் இல்லை, குறைந்தால் எங்கேயோ ஓட்டை என்று அப்போது உறைக்கவில்லை. மூன்றாவது தடவை லீக் டெஸ்ட் பண்ணச் சொன்னேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற கூலிங் காயிலில் கசிவு, ஓ-ரிங்குகளும் காய்ந்து போயிருந்தன. கேஸோடு சேர்ந்து ஓடுகிற ஆயில்தான் அந்த ரப்பர்களை ஈரமாக வைத்திருக்கும். வருடக்கணக்கில் ஏசியே போடாவிட்டால் அவை காயாமல் என்ன செய்யும். டாஷ்போர்டைக் கழட்டி மாட்டுகிற வேலை, 7,500. அதற்குப் பிறகு டாஷ்போர்டில் எங்கேயோ கிரீச் என்று ஒரு சத்தம், இன்றுவரை போகவில்லை, பழகிவிட்டது.

அந்த ஐப்பசி மழையில் எலி. பத்து நாள் ஊரில் இல்லை, வந்து சாவியைத் திருப்பினால் இன்ஜின் லைட் அணையவே இல்லை. இன்ஜெக்டர் வயரைக் கடித்திருந்தது, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வைக்கோல் மெத்தை வேறு. 3,500. பாச்சை உருண்டை, புகையிலை எல்லாம் வைத்துப் பார்த்தேன், எலி சட்டை செய்யவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை வண்டியை எடுத்து கழனிவாசல் வரை போய் வருவது மட்டும்தான் பலித்தது.

ஆக முதல் பதினாலு மாதத்தில் 46,100. அதற்குப் பிறகான நாலு வருடத்தில் சர்வீஸ் போக ரிப்பேர் என்று பார்த்தால் முன்சக்கர சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ்ஷும் லிங்க் ராடும் 7,200, 78,000 கிலோமீட்டரில் கிளட்ச் செட் 8,500, இன்னொரு பேட்டரி 4,200. இவை எந்த வண்டிக்கும் வருகிற செலவு. இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டையும் பிரிக்கவே இல்லை. லிட்டருக்கு ஊருக்குள் 14, ரோட்டில் 17 கிலோமீட்டர் கொடுக்கிறது.

மீட்டர் இப்போது 94,000. மொத்த ரிப்பேர் 66,000, ஓட்டியது 63,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம், எனக்கு வருத்தமில்லை. இன்றைக்கு வாங்குவதென்றால் தினமும் தேவகோட்டைக்கு வேலைக்குப் போய்வந்த 70,000 ஓடிய வண்டியை, சர்வீஸ் பில்லோடு இருந்தால், இதைவிட முன்னால் பார்ப்பேன். கொட்டகை வண்டிதான் கிடைக்கிறது என்றால் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், டயர் தேதியைப் படியுங்கள், ஏசியைப் போட்டு அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள், விலையில் ஒரு 40,000-ஐக் குறைத்துக் கேளுங்கள். ஆச்சி கொடுப்பார், புரோக்கர்தான் முறைப்பார்.

ஜூனில் பதினைந்து வருடம் முடிகிறது. ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிக்க 5,000 கட்டணம், பசுமை வரி தனி. அதற்குள் சைலன்சரில் விழுந்திருக்கிற ஓட்டையை அடைக்க வேண்டும். வெல்டிங் போதும் என்கிறார் மெக்கானிக், 600 கேட்கிறார்.