ஜெர்மன் குடியுரிமைத் தேர்வு: இலவசப் பயிற்சியே போதும்

ஜெர்மனியின் ஆகன் நகரில் முதுகலை படிக்க வந்து, இப்போது அங்கேயே வேலை பார்க்கிறேன். குடியுரிமைத் தேர்வுக்கு, குடியேற்றத் துறையான பாம்ஃப் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் பயிற்சியில்தான் படித்தேன். தாராளமாகப் பரிந்துரைப்பேன். பொதுக் கேள்விகள் 300, நாம் வசிக்கும் ஜெர்மன் மாநிலத்துக்கு 10. தேர்வில் 33 வரும், 17 சரியாக இருந்தால் தேர்ச்சி. கட்டணம் 25 யூரோ.

நண்பர் வைத்திருக்கும் கட்டணச் செயலியையும் பார்த்தேன். அதே கேள்விகள்தான், நடுநடுவே விளம்பரம் வேறு. வேண்டாம்.

கேள்விகளை மனப்பாடம் செய்யாமல் படியுங்கள். 1953 ஜூன் 17 அன்று கிழக்கு ஜெர்மனியில் எழுந்த கிளர்ச்சியை நான் இதில்தான் அறிந்தேன். அப்புறம் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

மாணவர்களுக்கு ஒன்று: குடியுரிமை பெற ஜெர்மனியில் வாழ்ந்திருக்க வேண்டிய 5 ஆண்டுக் கணக்கில் படித்த ஆண்டுகளும் சேரும். ஆனால் மாணவர் வசிப்பு அனுமதியில் இருந்தபடி குடியுரிமை பெற முடியாது, வேலைக்கான அனுமதி போன்ற ஒன்றுக்கு மாறியிருக்க வேண்டும். 2024 ஜூன் முதல் ஜெர்மனி பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. இந்தியாதான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைப்பதை நினைத்தால் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வரி கட்டும் நாட்டில் ஓட்டுப் போட வேண்டும் என்ற ஆசை பெரிது.

தேர்வு பெரும்பாலும் ஃபோக்ஸ்ஹோஹ்ஷூலே என்ற வயதுவந்தோர் கல்வி மையத்தில் நடக்கும். இடத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.