32 லட்சம் குடுத்து வாங்கின கேபின் போட், உள்ளுக்குள்ள முழுக்க உக்கல். பழைய போட் பாக்கிற ஆக்கள் கவனம்

கோவத்துலதான் டைப் பண்ணுறன், பிழை இருந்தா பாக்காதீங்க. 32 லட்சம். மனிசிட நகை, சீட்டுக் காசு, அண்ணன் வெளிநாட்டுல இருந்து அனுப்பினது எல்லாம் சேத்து 32 லட்சம். அந்தக் காசுக்கு வாங்கின போட் இப்ப திருகோணமலை கொட் பே பக்கம் தெரிஞ்ச ஒருத்தர்ட வளவுக்குள்ள கட்டையில ஏறி நிக்குது, கடல்ல இறக்க ஏலாது.

நிலாவெளி, உப்புவெளியில எல்லாரும் திறந்த பைபர் போட்டுலதான் திமிங்கிலம் பாக்கக் கூட்டிப் போறாங்க. வெயில்ல பிள்ளைகள், வயசான ஆக்கள் படுறபாடு உங்களுக்கே தெரியும். நிழலும் டொய்லெட்டும் இருக்கிற கேபின் போட் ஒண்டு எடுத்தா சித்திரையில கடல் அமந்ததும் குடும்பமா வாற ஆக்களைப் பிடிக்கலாம் எண்டுதான் கணக்கு. விளம்பரம் போடுற ஆப் ஒண்டுல பாத்தன், 24 அடி, அமெரிக்கன் மேக், '96 மொடல், டீசல் இன்போர்ட் (எஞ்சின் போட்டுக்குள்ள), பின்னுக்கு ட்ரைவ் (புரொப்பெலர் இருக்கிற பகுதி), கொழும்புக்குத் தெற்கால ஏரிக்கரை யார்ட் ஒண்டுல நிக்குது எண்டு இருந்திச்சு. ஆப் பேரும் யார்ட் பேரும் போடல்ல, வக்கீல் வேணாம் எண்டுட்டாரு.

யார்ட்டுக்குப் போனா போட் விக்கிற ஐயா நல்ல தமிழ். செவ்விளநீர் வெட்டித் தந்து, ஊர் எது எண்டு கேட்டாரு, திருகோணமலை எண்டதும் முகம் மாறிட்டுது, தன்ட அம்மா சின்ன வயசுல கோணேசர் கோயிலுக்குக் கூட்டி வந்தவ, சுவாமி மலையில நிண்டு கடலைப் பாத்த ஞாபகம் இன்னும் இருக்கு எண்டு கண் கலங்காத குறையாச் சொன்னாரு. அதுலதான் மனசு இறங்கிச்சு. பிறகு போட்ட சுத்திக் காட்டக்குள்ள பக்கச் சுவர்ல முட்டியால டொக் டொக் எண்டு தட்டி, "கேளுங்க தம்பி சத்தத்த, இப்ப கன்னால அடிச்சு விடுற மாதிரி இல்ல, மேட், ரோவிங் எண்டு ரெண்டு பைபர் துணியையும் மாறி மாறி வச்சு கையால ஒட்டினது, அந்தக் காலத்துத் தடிப்பு, இனி இப்பிடி ஆரு செய்யப்போறான்" எண்டாரு. அதுல பாதி உண்மை, அதுதான் வயித்தெரிச்சல். அந்தப் பக்கச் சுவர் இப்பவும் நல்லாத்தான் இருக்கு. தட்டுற இடத்தையே தெரிஞ்செடுத்துத் தட்டியிருக்கான் மனிசன். பின்பலகையில ஒரு தட்டு தட்டல்ல, தரையில தட்டல்ல.

ஓட்டியும் காட்டினாங்க. ஏரியில. ஏரியில அலை எங்க இருக்கு? கண்ணாடி மாதிரித் தண்ணியில எந்தப் போட்டும் நல்லாத்தான் ஓடும். சேர்வேயர் (போட்டைப் பரிசோதிச்சு எழுதுற ஆள்) ரிப்போட் எண்டு ஒரு கொப்பியும் தந்தாங்க, சீல் எல்லாம் குத்தி. முழுக் காசும் அண்டைக்கே போச்சு, 32 லட்சம், லொறிக் கூலி வேற. ஹபரணை, கந்தளாய் வழியா கொண்டு வந்து இறக்கினம்.

உள்துறைமுகத்துக்குள்ள ஓடக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல. கொட்டியாரக் குடாப் பக்கம் வெளிய போய் முதல் அலையில அணியம் (முன்பக்கம்) தூக்கி விழுந்ததும் பின்னால இருந்து 'கிறீக்' எண்டு ஒரு சத்தம், ட்ரைவ் ஆடுது, பில்ஜ்ல (தரைக்குக் கீழ அடிப்பள்ளத்துல) தண்ணி. பம்ப் நிக்காம ஓடித்தான் கரைக்கு வந்து சேந்தம். என்னோட என்ட மகன் இருந்தான் போட்டுல, அதை நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

கிண்ணியாவுல பைபர் ஒட்டுற நானா ஒருத்தர் வந்து பாத்தாரு. அவர் ஸ்குரூட்ரைவர் பிடியால பின்பலகையத் தட்டிக்கொண்டு போறாரு, டக் டக் எண்டு வந்து திடீரெண்டு பொத் பொத் எண்டு செத்த சத்தம். உள்பக்கமா சின்னதா ஒரு ஓட்டை போட்டா மண்ணிறத் தண்ணி வடியுது, பிளைவுட் பிட்டு மாதிரி உதிருது. இந்தப் பழைய போட்டுகள்ல பின்பலகை எண்டது ரெண்டு பக்கமும் பைபர், நடுவுல பிளைவுட். ட்ரைவ் பூட்ட அதுல பெரிய ஓட்டை வெட்டியிருப்பாங்க, அந்த வெட்டு வாயாலயும் ஏணி, லைட் பூட்டின ஆணி ஓட்டையாலயும் வருசக்கணக்கா தண்ணி இறங்கி மரம் உக்கிடும், வெளிய பாத்தா பளபளப்பு. தரைக்குக் கீழ நீளமா ஓடுற ஸ்ட்ரிங்கரும் மரந்தான், அதுவும் இரண்டு இடத்துல போச்சு. கேபின் தடுப்பு ஹல்லோட (போட் உடம்போட) ஒட்டின இடம் கழண்டு விரல் போற அளவுக்கு இடைவெளி, அதை மறைக்கத்தான் புதுக் காப்பெட் ஒட்டியிருக்காங்க. நான் வேற காப்பெட் வடிவா இருக்கெண்டு போட்டோ எடுத்து மனிசிக்கு அனுப்பினனான்.

அடியில பாசி, சிப்பி பிடிக்காம இருக்க புதுசா அடிச்ச அன்டிபவுலிங் பெயின்ட்டச் சுரண்டினா கொப்புளம் கொப்புளமா இருக்கு. ஒண்டக் குத்தினா வினாகிரி மணத்தோட தண்ணி பீச்சுது. ஜெல்கோட் எண்ட வெளிப்பூச்சுக்குள்ளால தண்ணி ஊறி ரெசின்ல கரையிறதெல்லாம் கரைஞ்சு அமிலமாகி நிக்கிற தண்ணியாம். ஹல் நம்பரும் பெயின்ட்டுக்குக் கீழதான் கிடந்திச்சு, பின்பலகை வலப்பக்க மேல்மூலையில. அமெரிக்கன் போட்டுல 12 எழுத்து, 1984க்குப் பிறகு வந்ததுல கடைசி ரெண்டு இலக்கம் மொடல் வருசம். இதுல 87. '96 எண்டு வித்தது 87!

போன் எடுத்தா முதல்ல "பழைய போட் எண்டா அப்பிடித்தான் தம்பி". பிறகு "லொறியில ஏத்தக்குள்ள அடிபட்டிருக்கும்". பிறகு "ஐயா கோயிலுக்குப் போயிட்டாரு". பிறகு வட்ஸ்அப்புல நீலச் சரி மட்டும். இப்ப அதுவும் இல்ல, புளொக். ஆப்காரங்க "உங்கள் முறைப்பாடு பதிவு செய்யப்பட்டது" எண்டு ஒரு மெசேஜ், திரும்பக் கேட்டா அதே மெசேஜ், கடைசியா "நாங்கள் விளம்பரம் மட்டுமே". ரிப்போட்டுல இருந்த சேர்வேயரப் பிடிச்சுக் கேட்டா அவர் இன்சூரன்சுக்காக தண்ணியில மிதக்கக்குள்ள மேலால பாத்து எழுதினதாம், அடியப் பாக்கவே இல்லையாம், அதுவும் முந்தின ஓனருக்காம். ரசீதுல சின்ன எழுத்துல 'உள்ளது உள்ளபடி' எண்டு போட்டிருக்கு, வக்கீல் அதத்தான் திரும்பத் திரும்பக் காட்டுறாரு. திருத்த இன்னும் 11 லட்சம் கேக்கிறாங்க. 32 போட்டவன் இன்னும் 11க்கு எங்க போறது?

எப்பிடிப் பாத்து வாங்குறது எண்டு விபரமா எழுதத்தான் இருந்தன், இப்ப அதுக்கு மனசு இல்ல. தண்ணியில நிக்கிற போட்டுக்குக் காசு குடுக்காதீங்க, கரைக்கு ஏத்திப் பாருங்க. புதுப் பெயின்ட், புதுக் காப்பெட் ரெண்டும் இருந்தா கிளப்பிப் பாக்க விடச் சொல்லுங்க, விடாட்டி வந்திடுங்க. பின்பலகையும் தரையும் நீங்களே தட்டுங்க, அவன் தட்டுறதக் கேக்காதீங்க. ட்ரைவ்வக் கையால பிடிச்சு மேல கீழ ஆட்டிப் பாருங்க, பின்பலகை சேந்து அசைஞ்சா முடிஞ்சுது. ரெயிலிங் கால் சுத்தி நட்சத்திரம் போல வெடிப்பு இருக்கா பாருங்க. சேர்வேயர நீங்க காசு குடுத்துக் கூட்டிப் போங்க. ஏரியில ஓடிக் காட்டினா கடல்ல காட்டச் சொல்லுங்க.

அதே யார்ட் நேத்து இன்னொண்டு போட்டிருக்கு, வெள்ளையில நீலக் கோடு, 26 அடி, 'குடும்பப் பாவனை, நல்ல கண்டிசன்' எண்டு. நம்ம ஊர் ஆக்கள் ஆராவது அட்வான்ஸ் குடுக்கப் போறீங்கண்டா முதல்ல எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, போட்டோவும் ரசீதும் அனுப்புறன்.