ஊழியர் கருத்துக்கணிப்பில் படிநிலைக் கோப்பு: பல சுற்றுகள் பயன்படுத்திய பின் ஒரு பகிர்வு

ஊழியர் கருத்துக்கணிப்பு என்றதும் எல்லாருடைய கவனமும் கேள்வித்தாள்மேல்தான் இருக்கும். எத்தனை கேள்வி, எந்த மொழியில், ஐந்து புள்ளி அளவா ஏழு புள்ளி அளவா என்று வாரக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் அறிக்கை வெளியான அன்று வரும் புகார்களில் கேள்வித்தாளைப் பற்றியவை குறைவு. "என் டீமில் 14 பேர், எனக்கு 9 பேர்தான் காட்டுகிறது." "இரண்டு மாதத்துக்கு முன்பே வேறு பிரிவுக்குப் போனவர் இன்னும் என் கணக்கில் இருக்கிறார்." "எனக்கு டாஷ்போர்டே திறக்கவில்லை." மூன்றுக்கும் காரணம் ஒன்றே: யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்று சொல்லும் படிநிலைக் கோப்பு.

அந்தக் கோப்பில் வரும் தவறு வெறும் கணக்குத் தவறாக நின்றுவிடாது. மேலாளர் எண் ஒன்று மாறிப்போனால், ஒருவர் நம்பிக்கையோடு எழுதிய பதில் அதைப் பார்க்கவே கூடாத மேலாளரின் திரைக்குப் போய்விடும். அடுத்த சுற்றில் அந்த டீமில் யாரும் மனம்விட்டு எழுத மாட்டார்கள். அதனால்தான் இந்த வேலையை ஒரு அப்லோடு பட்டனின் வேலையாக நினைக்கக் கூடாது.

எந்த வகை மரம்?

க்வால்ட்ரிக்ஸ் போன்ற கருத்துக்கணிப்புக் கருவிகளில் இந்தப் படிநிலையை, அதாவது உச்சியிலிருந்து கிளை பிரியும் மரத்தை, நான்கு வழிகளில் கட்டலாம். முதல் வழி பெற்றோர்-பிள்ளை முறை. ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளர் எண், அவருடைய மேலாளரின் எண், இந்த இரண்டு நெடுவரிசைகள் போதும். மீதி மரத்தைக் கருவியே கட்டிக்கொள்ளும். இரண்டாவது மட்ட முறை. நிறுவனம், பிரிவு, துறை, கிளை என்று ஒவ்வொரு மட்டத்தின் பெயரையும் தனித்தனி நெடுவரிசையில் ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும். மூன்றாவது தாவு மட்ட முறை. இதில் ஒருவருக்கு மேலே உச்சிவரை இருக்கும் சங்கிலி முழுவதும் அவருடைய வரியிலேயே இருக்கும். நான்காவது, கையாலேயே ஒவ்வொரு அலகாக (தனி அறிக்கை பெறும் டீம் அல்லது துறை) உருவாக்குவது.

கைவழி முறை முப்பது, நாற்பது அலகுகளுக்கு மேல் தாங்காது. அடுத்த சுற்றில் எல்லாவற்றையும் மறுபடி கையால் திருத்த வேண்டும். தாவு மட்ட முறை, சில கிளைகள் நான்கு மட்டத்திலும் சில கிளைகள் எட்டு மட்டத்திலும் முடியும் நிறுவனங்களுக்கு உதவும். நடைமுறையில் போட்டி முதல் இரண்டுக்கும் இடையேதான்.

எச்.ஆர். மென்பொருளிலிருந்து நேராக எடுக்கலாம் என்பதால் பெரும்பாலானோர் பெற்றோர்-பிள்ளை முறைக்குப் போகிறார்கள். தொடங்குவதற்கு அது எளிது. அதன் சிக்கல் இரண்டாம் ஆண்டில்தான் தெரியும். அதில் அலகு என்பதே மேலாளர்தான். கொள்முதல் துறைக்கு மேலாளர் மாறினால், துறை அப்படியே இருந்தும் கருவியின் கண்ணுக்கு அது புதிய அலகு. போன ஆண்டின் மதிப்பெண்ணோடு ஒப்பிடும் கோடு அங்கேயே அறுந்துவிடும். மட்ட முறையில் கொள்முதல் துறை எப்போதும் கொள்முதல் துறைதான். தலைமை மாறினாலும் தொடர்ச்சி நிற்கும். ஆனால் துறைக் குறியீடுகளை யாராவது ஒழுங்காகப் பராமரித்தாக வேண்டும். மேலாளர்கள் அடிக்கடி மாறும் நிறுவனத்துக்கு மட்ட முறையையும், டீம்கள் அடிக்கடி கலைந்து சேரும் நிறுவனத்துக்குப் பெற்றோர்-பிள்ளை முறையையும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். பின்னதை எடுப்பவர்கள் மேலாளர் எண்ணோடு ஒரு நிலையான அலகுக் குறியீட்டையும் தனி நெடுவரிசையாக முதல் சுற்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் பழைய பதில்களுக்கு அந்தக் குறியீட்டைத் தேடி ஒட்டுவது பெரும்பாடு.

எக்ஸெல் செய்யும் சேதம்

பிழைகளில் பாதிக்குமேல் எச்.ஆர். மென்பொருளுக்கும் கருவிக்கும் நடுவே, எக்ஸெல் கோப்பாகக் கைமாறும் நேரத்தில் நுழைகின்றன. 004512 என்ற பணியாளர் எண், சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக்கோப்பு) இருமுறை கிளிக் செய்து திறந்ததுமே 4512 ஆகிவிடும். எண்ணின் நடுவே 'E' என்ற ஆங்கில எழுத்து வந்தால் இன்னும் மோசம்: 10E3 என்ற குறியீட்டை எக்ஸெல் அடுக்குக் குறியீடாக (10 × 10³) எடுத்துக்கொண்டு 10000 ஆக மாற்றிவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களில் பதினாறாம் இலக்கத்திலிருந்து எல்லாம் பூஜ்யமாகும். கோப்பைக் கிளிக் செய்து திறக்காமல், டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, எண் நெடுவரிசைகளை டெக்ஸ்ட் என்று அறிவித்துவிட்டால் இந்த மூன்றும் வராது.

சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 சி.எஸ்.வி. என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண சி.எஸ்.வி.யில் சேமித்தால் தமிழில் எழுதிய துறைப் பெயர்கள் அத்தனையும் கேள்விக்குறிகளாகும். அப்படிச் சேமித்த கோப்பிலிருந்து அவற்றை மீட்க வழியே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இன்னொரு தொல்லை. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் சாதாரண இடைவெளிக்குப் பதிலாக 160-ஆம் எண் கொண்ட உடையா இடைவெளி இருக்கும். வேண்டாத இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் ஃபார்முலா அதைத் தொடாது. அதைத் தனியாக சப்ஸ்டிட்யூட் ஃபார்முலா போட்டு நீக்கிய பிறகே ட்ரிம் செய்ய வேண்டும். மட்ட முறையில் இது கட்டாயம். "விற்பனை" என்பதும், பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிய "விற்பனை " என்பதும் இரண்டு துறைகளாக மரத்தில் நிற்கும்.

மேலாளர் எண் எல்லாம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கப் பலர் எண்ணிக்கை காட்டும் கவுன்ட்இஃப் ஃபார்முலா போடுகிறார்கள். அது டெக்ஸ்டாக இருக்கும் எண்ணையும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். 004512-ஐயும் 4512-ஐயும் ஒன்றென்று சொல்லிவிடும். சோதனை வெற்றி, கருவியில் தோல்வி. தேடிப் பார்க்கும் மேட்ச் (கடைசியில் 0 போட்டு) அல்லது எக்ஸ்லுக்அப் போட்டால் இந்த இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கும், ஏமாற்றாது.

ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

உச்சியில் ஒரே ஒருவர் இருக்க வேண்டும். மேலாளர் எண் காலியாக இருக்கும் வரிகளை எண்ணினால் விடை 1 வர வேண்டும். பல எச்.ஆர். மென்பொருள்களில் தலைமை நிர்வாகிக்கு மேலாளராக அவருடைய எண்ணையே போட்டு வைத்திருப்பார்கள். அதைக் காலி செய்யாவிட்டால் மரம் தன்னைத்தானே சுற்றும். விடை 0 வந்தாலும் முதலில் அங்கேதான் பாருங்கள்.

அடுத்தது சுழற்சி. அ என்பவர் ஆ-வுக்குக் கீழ், ஆ என்பவர் இ-க்குக் கீழ், இ மறுபடி அ-வுக்குக் கீழ். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிரல் வேண்டாம். ஒருவரின் மேலாளர், அந்த மேலாளரின் மேலாளர் என்று பக்கத்தில் பன்னிரண்டு நெடுவரிசைகளில் எக்ஸ்லுக்அப்பை நீட்டிக்கொண்டே போங்கள். சரியான சங்கிலி எல்லாம் உச்சியைத் தாண்டியதும் 0 அல்லது #N/A என்று காட்டி முடிந்துவிடும். பன்னிரண்டாவது நெடுவரிசையிலும் பணியாளர் எண் இருந்தால் அங்கே சுழற்சி இருக்கிறது, அல்லது நிறுவனத்தில் பன்னிரண்டு மட்டத்துக்கு மேல் இருக்கிறது. இரண்டாவது அநேகமாக இருக்காது.

அநாதை வரிகள்தான் அதிகம் வரும். மேலாளர் எண் இருக்கிறது, அந்த எண்ணுக்கு உரியவர் பட்டியலில் இல்லை. முக்கியக் காரணம் வடிகட்டல். மூன்று மாதம் நிறைவு செய்யாதவர்களைக் கணிப்பிலிருந்து நீக்கலாம் என்று முடிவெடுத்து அந்த வரிகளையே அழித்துவிடுகிறார்கள். போன மாதம் சேர்ந்த மேலாளரும் அதோடு போய்விடுவார். அவருக்குக் கீழே இருக்கும் இருபது பேர் அந்தரத்தில் தொங்குவார்கள். ஆளை நீக்காமல், பதிலளிப்பவர் அல்லர் என்று குறித்து மரத்தில் வைத்திருப்பதே சரி. நீண்ட விடுப்பில் இருக்கும் மேலாளருக்கும், ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியராக இருந்துகொண்டே நம் டீமை நடத்துபவருக்கும் இதே விதிதான்.

மேலாளர் வேலையை விட்டுப்போய் இடம் காலியாக இருந்தால்? அவருக்கு மேலே உள்ளவரின் எண்ணைப் போட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் அந்த அலகே மறைந்து, அதன் ஆட்கள் மேலே உள்ளவரின் நேரடிக் குழுவோடு கலந்துவிடுவார்கள். அதைவிட, மின்னஞ்சல் இல்லாத ஒரு காலிப்பணியிட எண்ணை உருவாக்கி அங்கே நிறுத்துங்கள். அலகு பிழைக்கும்; புது மேலாளர் வந்ததும் அவருக்குப் பார்வை உரிமை கொடுத்தால் போதும். அந்தப் போலி எண்ணுக்கு அழைப்பு அனுப்பாமல் குறிக்க மறக்காதீர்கள். மறந்தால் பதில் விகிதத்தைக் கணக்கிட வகுக்கும் எண்ணில் அவரும் ஒரு தலையாக எண்ணப்படுவார்.

இரண்டு மேலாளர்கள் உள்ளவர்களுக்கு ஒரே கட்டத்தில் இரண்டு எண்களைப் போட முடியாது. நிர்வாக மேலாளர் முதல் மரத்தில், புராஜெக்ட் மேலாளர் இரண்டாவது மரத்தில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவரை ஒரே மரத்தின் இரு கிளைகளில் வைத்தால் கிளைகளின் கூட்டுத்தொகை நிறுவனத்தின் மொத்தத்தைத் தாண்டிவிடும். அந்த வேறுபாட்டை மேலிடத்துக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் மரத்தின் வடிவத்தைத்தான் பார்க்கும். தவறான, ஆனால் பட்டியலில் இருக்கும் மேலாளரை எந்தச் சூத்திரமும் பிடிக்காது. அதற்கு மனிதக் கண்தான் வேண்டும். துறைத் தலைவருக்கு 300 வரி எக்ஸெலை அனுப்பினால் "சரி" என்று பதில் வரும், படித்திருக்க மாட்டார். மாறாக, அவருக்கு நேர்க்கீழே உள்ள மேலாளர்களின் பெயர்களும், ஒவ்வொருவர் பெயருக்கு எதிரே ஆள் எண்ணிக்கையும் மட்டும் கொண்ட அரைப் பக்கம் அனுப்புங்கள். "இவர்கிட்ட 22 இல்ல, 17தான்" என்று பத்து நிமிடத்தில் ஃபோன் வரும்.

ரகசியம் காக்கும் கணக்கு

ஓர் அலகில் குறைந்தது ஐந்து பதில்கள் இருந்தால்தான் அறிக்கை காட்டுவது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து என்பது பதில்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அன்று. 70 சதவீதம் பேர் பதிலளிப்பார்கள் என்று எதிர்பார்த்தால், ஓர் அலகில் குறைந்தது எட்டுப் பேராவது இருக்க வேண்டும். ஏழு பேரில் 70 சதவீதம் 4.9 தான். எட்டுக்குக் கீழே உள்ள அலகுகளைக் கணிப்பு தொடங்கும் முன்பே பட்டியலிட்டு, அந்த மேலாளர்களுக்குத் தனி அறிக்கை கிடைக்காமல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வரம்பு வைத்துவிட்டால் மட்டும் ரகசியம் காக்கப்படாது. ஒரு மேலாளருக்குக் கீழே மொத்தம் 11 பதில்கள், சராசரி 3.9. அவருக்குக் கீழ் இரண்டு டீம்கள். ஒன்றில் 8 பதில்கள், சராசரி 4.2, திரையில் தெரிகிறது. மற்றதில் 3 பதில்கள், மறைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் 11-ஐ 3.9-ஆல் பெருக்கினால் 42.9, 8-ஐ 4.2-ஆல் பெருக்கினால் 33.6. மீதி 9.3-ஐ மூன்றால் வகுத்தால் 3.1. மறைத்த மூவரின் மனநிலை வெளியே வந்துவிட்டது. சில கருவிகள் இப்படிப்பட்ட இடத்தில் அடுத்த சிறிய அலகையும் சேர்த்து மறைக்கும். உங்கள் கருவி அப்படிச் செய்கிறதா என்று போலிப் பதில்களை ஏற்றிச் சோதித்துப் பாருங்கள். செய்யாவிட்டால் அந்தச் சிறிய டீமைப் பக்கத்து டீமோடு இணைத்துவிடுவதே நேர்மை. எழுத்துக் கருத்துகளுக்கு இன்னும் உயர்ந்த வரம்பு வேண்டும், பத்து என்றால் நல்லது. ஒரு டீமில் ஒருவர் மட்டும் தமிழில் எழுதியிருந்தால் எழுதியவர் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை.

மேலாளரின் சொந்தப் பதில் அவருடைய டீமின் கணக்கில் சேருமா, அவருக்கு மேலே உள்ள அலகில் சேருமா என்பதையும் முன்னாலேயே முடிவுசெய்து எழுதி வையுங்கள். மேலே சேர்ப்பதுதான் பொருத்தம். தன் டீமின் அறிக்கையில் அவரே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளக் கூடாது. எந்த முடிவானாலும் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே மாற்றாதீர்கள். சிறிய டீம்களில் இந்த ஒரு பதிலே சராசரியைத் தூக்கிவிடும்.

உறையும் தேதியும் அதற்குப் பிறகும்

படிநிலைக் கோப்பு ஒரு நாளில் எடுத்த புகைப்படம். கணிப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு தேதியைக் குறித்து அன்றைய நிலையை உறைய வையுங்கள். அதன்பின் வரும் கோரிக்கைகளுக்கு ஒரே அளவுகோல்: உறைந்த தேதியிலேயே தகவல் தவறாக இருந்ததா? ஆம் என்றால் திருத்துங்கள். அதற்குப் பிறகு மாற்றலாகிப் போனவரா? அடுத்த சுற்றில் பார்க்கலாம். இந்த ஒரு விதி கையில் இருந்தால் பாதி வாக்குவாதம் எழவே எழாது.

பல கருவிகளில், ஒருவர் பதிலளிக்கும் நேரத்தில் அவருடைய துறை, மேலாளர் விவரங்கள் அந்தப் பதிலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பங்கேற்பாளர் பட்டியலைத் திருத்தினாலும் பதில் பழைய விவரத்தோடே நிற்கும். அதைப் புதுப்பிக்கத் தனிக் கட்டளை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒரே டீமின் பதில்களில் பாதி பழைய மேலாளரிடமும் பாதி புதியவரிடமும் இருக்கும். கணிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்தியவர்கள் இதை அவசியம் சரிபார்க்க வேண்டும்.

காலாண்டுக்கு ஒரு சிறு கணிப்பு நடத்துபவர்கள், மாறியவர்களை மட்டும் கொண்ட கோப்பை ஏற்றலாமா என்று கேட்பதுண்டு. ஏற்றலாம், ஆனால் வேலையை விட்டவர்கள் அந்தக் கோப்பில் இருக்க மாட்டார்கள், மரத்தில் நின்றுகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையே ஏற்றி, முந்தைய கோப்போடு ஒப்பிட்டு, புதிதாக வந்தவர், போனவர், மேலாளர் மாறியவர் என்ற மூன்று எண்களைப் பாருங்கள். மறுசீரமைப்பு எதுவும் அறிவிக்கப்படாத காலாண்டில் பத்தில் ஒருவருக்கு மேலாளர் மாறியிருந்தால், எச்.ஆர். மென்பொருளிலிருந்து கோப்பை எடுத்த வினவலில்தான் (எந்தத் தகவல் வேண்டும் என்று கேட்கும் கட்டளை) கோளாறு.

மறுசீரமைப்பு உண்மையிலேயே நடந்துவிட்டால் பழைய அலகு, புதிய அலகு என்ற இரண்டு நெடுவரிசை அட்டவணை வேண்டும். இரண்டு அலகுகள் ஒன்றானால் பழைய பதில்களைக் கூட்டி ஒப்பிடலாம். சராசரிகளின் சராசரியை எடுக்காமல் பதில்களின் எண்ணிக்கைப்படி எடையிட வேண்டும். ஒன்று இரண்டாகப் பிரிந்தால் பழைய முழு அலகின் மதிப்பெண்ணையே இரண்டுக்கும் ஒப்பீடாகக் காட்டி, அப்படிக் காட்டியிருப்பதை அறிக்கையிலேயே குறிப்பிடுங்கள். பழைய அலகின் குறியீட்டைப் புதிய துறைக்கு மறுபடி கொடுக்கவே கூடாது.

மாற்றப் பதிவேட்டுக்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. பணியாளர் எண், பழைய மேலாளர் எண், புதிய மேலாளர் எண், நடைமுறைக்கு வந்த தேதி, கேட்டவர், ஒப்புதல் தந்தவர் என ஆறு நெடுவரிசைகள் போதும். உறைந்த கோப்பைத் தேதியோடு பெயரிட்டு, யாரும் திருத்த முடியாதபடி தனி ஃபோல்டரில் வையுங்கள். அந்த ஃபோல்டரைத் திறக்கும் உரிமை இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இரண்டாவது ஆள்.