பழைய பில்ட்ரூட், புது உபுண்டு: பேட்ச் போடுவதா, கண்டெய்னருக்குள் போவதா?

பில்ட்ரூட் என்பது சிறு கருவிகளுக்கான லினக்ஸ் ஃபர்ம்வேரை சோர்ஸிலிருந்து உருவாக்கித் தரும் தொகுப்பு. அதன் 2018.02 பதிப்பை உபுண்டு 22.04-இல் பில்ட் செய்தால், கெர்னலைத் தொடுவதற்கு முன்பே எம்4 என்ற சின்னக் கருவியில் நின்றுவிடும். நம் கோடில் தவறு இல்லை. அதில் வரும் எம்4 1.4.18, ஜிலிப்சியின் (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி, glibc) உள்மேக்ரோக்கள் சிலவற்றை நம்பி எழுதப்பட்டது. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 அவற்றை மறைத்துவிட்டது. 22.04-இல் இருப்பதோ 2.35.

பேட்ச், அதாவது சோர்ஸில் சின்னத் திருத்தம், போடலாம். எம்4-க்கு இரண்டு மூன்று வரிதான். போட்டதும் அதே எம்4 வேறு இடத்தில் நிற்கும், ஏனென்றால் சிக்னல் ஸ்டாக்கின் அளவு ஜிலிப்சி 2.34-இலிருந்து மாறிலி இல்லை. அதைத் தாண்டினால் பைசன் என்ற இன்னொரு பில்ட் கருவியில் எம்4-இன் முதல் எரரே திரும்ப வரும். அப்புறம் ஃபேக்ரூட் (ரூட் உரிமை இருப்பதுபோல் காட்டும் கருவி), அது ஜிலிப்சி 2.33-இல் நீக்கப்பட்ட ஒரு மேக்ரோவைத் தேடும். ஒவ்வொன்றுக்கும் தீர்வு இருக்கிறது, ஆனால் அடுத்து எது உடையும் என்பது முந்தையதைச் சரிசெய்த பிறகுதான் தெரியும். பொறுமையாக முடித்துவிட்டால் ஒரு நல்லது: திருத்தங்கள் சோர்ஸுடனேயே இருக்கும், அடுத்தவர் புது மெஷினிலும் பில்ட் செய்யலாம்.

இன்னொரு வழி கண்டெய்னர்: நம் மெஷினுக்குள்ளேயே தனியாக ஓடும் பழைய உபுண்டு. உபுண்டு 18.04 கண்டெய்னரில் இந்த நான்கு எரரும் வராது. அதில் இருப்பது ஜிலிப்சி 2.27, உடைவதற்குச் சரியாக ஒரு படி முன்னால். கெர்னல் மட்டும் நம் மெஷினுடையது, லைப்ரரிகள் எல்லாம் கண்டெய்னருடையவை. உள்ளே ரூட்டாக ஓடாமல் நம் யூசர் ஐடியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவுட்புட் ஃபைல்கள் ரூட் பெயரில் கிடக்கும், சில பேக்கேஜ்களின் கான்ஃபிகரும் ரூட்டாக ஓட மறுக்கும்.

சிஸ்டத்தின் ஜிலிப்சியையே பழையதாக மாற்றுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். புது ஜிலிப்சியை எதிர்பார்க்கும் பாஷ், எல்எஸ் போன்றவைகூட ஓடாமல் போகும், சரிசெய்ய டெர்மினலே மிஞ்சாது.

பழைய ஃபர்ம்வேரில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் வேண்டுமென்றால் நான் கண்டெய்னரைத்தான் எடுப்பேன். அந்த ஃபர்ம்வேர் ஓடும் கருவி நெட்டில் இருக்கப் போகிறது என்றால் இரண்டுமே போதாது. அந்த பில்ட்ரூட்டில் வரும் ஓப்பன்எஸ்எஸ்எல் (நெட் தொடர்பைப் பாதுகாக்கும் லைப்ரரி) 1.0.2-க்கு 2019 முடிவோடு பொது ஆதரவு நின்றுவிட்டது. பில்ட்ரூட்டையே புதுப்பிப்பதுதான் சரி.

கண்டெய்னரை எடுத்தால், இமேஜை டார் ஃபைலாகச் சேமித்து, டவுன்லோட் ஆன சோர்ஸ் ஃபோல்டரோடு சேர்த்து வையுங்கள். பழைய டவுன்லோட் லிங்குகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே இருக்கின்றன.