மூளைக்காய்ச்சலுக்கு வாட்டில நிண்ட அனுபவம்: வைத்தியம் திறம், துண்டு வெட்டி வீட்டை அனுப்பேக்க சொல்லுறது காணாது

யாழ்ப்பாணத்தில அரசாங்க ஆஸ்பத்திரி ஒண்டின்ர மெடிக்கல் வாட்டைப் பற்றித்தான் எழுதுறன், எங்கட சித்தப்பாவை மூளைக்காய்ச்சலோட அங்கதான் வச்சிருந்தவை. வைத்தியத்துக்கு முழுப் புள்ளியும் குடுப்பன்.

முதல் காய்ச்சலும் தலையிடியும்தான், பிறகு சம்பந்தமில்லாமக் கதைக்கத் துடங்கி சித்தியையே ஆரெண்டு கேட்டார், அண்டிரவே வலிப்பும் வந்திட்டுது. முதல் காட்டின தனியார் இடத்தில டெங்குக்கு மட்டும் ரத்தம் சோதிச்சுப்போட்டு, யோசினை கூடிப்போச்செண்டு நித்திரைக் குளிசை குடுத்து விட்டவை. வாட்டில அப்பிடியில்லை, காய்ச்சலோட ஆளின்ர கதையும் மாறீட்டுது எண்டோடனயே டொக்டர் மூளைப்பக்கம்தான் யோசிச்சவர். ஸ்கான் எடுத்து, முள்ளந்தண்டில நீர் எடுத்து அனுப்பினவை, ஆனா ரிப்போட் வருமட்டும் பாத்துக்கொண்டிருக்கேல்லை, அசைக்ளோவிர் எண்ட வைரஸுக்கு எதிரான மருந்தை உடன நாளத்தில ஏத்தத் துடங்கீட்டினம். எனக்கு அதுதான் பெரிய விஷயம். ஹேர்பீஸ் வைரஸ் மூளைக்குப் போனா, மருந்தில்லாட்டி 100 பேரில கிட்டத்தட்ட 70 பேர் தப்ப மாட்டினம், வேளைக்கு இந்த மருந்து ஏறினா அது 20 அளவுக்கோ அதுக்கும் கீழயோ குறையும். 8 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 14 இலிருந்து 21 நாள் மட்டும் போடவேணும், சாமத்து மருந்தைக்கூட மிஸ்ஸிமார் பிந்த விடேல்லை. கிட்னியைப் பாதிக்குமெண்டு சேலைனும் ஏத்தி சலம் போறதையும் அளந்து எழுதினவை.

யப்பான் மூளைக்காய்ச்சலோ எண்டுதான் சித்தி பயந்தவ. அது வயல்பக்கத்து நுளம்பால வாறது, சின்னப் பிள்ளையளுக்குத் தடுப்பூசி போடுறபடியா இப்ப குறைவு, ஆனா வந்தா அதுக்கெண்டு தனி மருந்தில்லை. கன பேருக்கு எந்த வைரஸ் எண்டே கடைசிமட்டும் பிடிபடாதாம்.

குறை எண்டா துண்டு வெட்டினதுக்குப் பிறகுதான். உயிர் தப்பினா எல்லாம் முடிஞ்சுது எண்டு வீட்டுக்காரர் நினைப்பினம், அப்பிடியில்லை. சித்தப்பா 30 வருசத்துக்கு முந்தின கதையெல்லாம் வடிவாச் சொல்லுறார், காலமை சாப்பிட்டது ஞாபகமில்லை, ஒருத்தரோடயும் சத்தம் போட்டுக் கதைக்காத மனுசன் இப்ப சின்ன விஷயத்துக்கும் சினந்து விழுறார், சித்தி பாவம், தன்னில கோவமெண்டு நினைச்சு அழுதுகொண்டிருந்தவ. காதுப்பக்கத்து மூளையைத்தான் ஹேர்பீஸ் வைரஸ் கூடப் பிடிக்கும், அதாலதான் ஞாபகமும் குணமும் மாறுது, இதை ஆரும் இருந்து விளங்கப்படுத்தேல்லை. வலிப்புக் குளிசையை நாங்களா நிப்பாட்டக்கூடாது, மோட்டச்சைக்கிள் ஓட விடக்கூடாது, தனியக் கிணத்தடிக்கு விடக்கூடாது எண்டதெல்லாம் பிறகு கிளினிக்கில துருவிக் கேட்டுத்தான் அறிஞ்சம். இதுகளைத் தமிழில ஒரு தாளில அடிச்சுக் குடுத்தாலே எத்தினை வீட்டுக்கு உதவும்.

உங்கட ஆக்களை இந்த வருத்தத்தோட வச்சிருந்தா, துண்டு வெட்ட முதல் வாட் டொக்டரைப் பிடிச்சு ஞாபகம், குணம், வலிப்பு மூண்டையும் பற்றிக் கேளுங்கோ, அடுத்த கிளினிக் திகதியையும் எழுதி வாங்குங்கோ. 5க்கு 4.