செட்டிநாட்டு நூலகங்களுக்குக் கூட்டுப் பட்டியல்: எந்த வழி எங்கே பொருந்தும்?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் சங்க நூலகம், கல்லூரி நூலகம், பள்ளி நூலகம், பூட்டிய வீட்டு அலமாரி என எங்கும் புத்தகம் இருக்கிறது. ஒரே நூலை ஐந்து இடத்தில் ஐந்து பேர் ஐந்து விதமாகப் பதிந்திருப்பார்கள். தேடி வருகிறவருக்கு ஒன்று அகப்பட்டால் நான்கு தப்பிவிடும். எல்லா நூலகங்களின் இருப்பையும் ஒரே இடத்தில் காட்டுவதுதான் கூட்டுப் பட்டியல். ஒருவர் செய்த பதிவை மற்றவர் எடுத்து ஆள்வது பழைய யோசனைதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901-லேயே அச்சிட்ட பட்டியல் அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கிவிட்டது. 1960-களில் மார்க் (கணினி படிக்கக்கூடிய பட்டியல் பதிவு) வடிவம் வந்ததும் அட்டையின் இடத்தைக் கணினிப் பதிவு பிடித்தது.

இன்று நம் ஊர்களுக்கு எட்டுகிற வழிகள் நான்கு: அவரவர் தனி மென்பொருள் வைத்து வெளியிலிருந்து பதிவை நகலெடுப்பது, எல்லாரும் ஒரே தரவுத்தளத்தில் வேலை செய்வது, தனித்தனியாக வைத்துக்கொண்டு இரவில் ஓர் இயந்திரம் எல்லாவற்றையும் திரட்டுவது, பெரிய வலையமைப்பு ஒன்றில் உறுப்பினராவது. மூன்று நூல்களை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். ஐஎஸ்பிஎன் (நூலுக்கான உலகளாவிய அடையாள எண்) உள்ள சமீபத்திய நாவல் ஒன்று. 1930-களில் இரங்கூனில் அச்சான சிறுநூல் ஒன்று. நகரக் கோயில் (நகரத்தார் கோயில்) ஒன்றின் கும்பாபிஷேக மலர் ஒன்று.

நகலெடுப்பது

கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருக்கும் நூலகத்துக்கு இது உடனே கைகூடும். நிர்வாகப் பக்கத்தில் இசட்39.50 (பிற நூலகப் பட்டியலில் தேடிப் பதிவை வாங்கும் நெறிமுறை) சர்வர் பட்டியலில் முகவரி, போர்ட் எண் (பெரும்பாலும் 210), தரவுத்தளப் பெயர், மார்க் 21 என்ற வடிவம், யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியேற்றம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். பிறகு ஐஎஸ்பிஎன்னை அடித்தால் பதிவு வரும். சரிபார்த்துச் சேமித்து, நம் பிரதியின் விவரத்தைச் சேர்த்தால் வேலை முடிந்தது. நாவலுக்கு ஐந்து நிமிடம் போதும்.

தடங்கல்கள் மூன்று இடத்தில் வரும். முதலாவது, கல்லூரி வளாகங்களில் 210 போர்ட்டைத் தடுத்து வைத்திருப்பார்கள். தேடல் பல நிமிடம் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் காரணம் அநேகமாக இதுதான். போர்ட்டைத் திறக்கச் சொல்லலாம். இல்லையென்றால் அதே வேலையைச் சாதாரண இணைய வழியிலேயே செய்யும் எஸ்ஆர்யு நெறிமுறையின் முகவரியைத் தரும் சர்வரைத் தேர்ந்துகொள்ளலாம்.

இரண்டாவது, எழுத்துக் குலைவு. மார்க் பதிவின் தலைப்பகுதியில் 09-ஆம் இடத்தில் ‘ஏ’ என்ற சிறிய ஆங்கில எழுத்து இருந்தால்தான் யூனிகோடு என்று பொருள். அந்த இடம் வெற்றாக இருந்தால் மென்பொருள் அதைப் பழைய மார்க்-8 குறியேற்றம் என்று எடுத்துக்கொள்ளும். மார்க்-8-இல் தமிழுக்கு இடமே இல்லை. அதனால் உள்ளே நல்ல யூனிகோடு தமிழ் இருந்தாலும் திரையில் குப்பையாகத் தெரியும். பதிவையே தூக்கி எறிய வேண்டாம். அந்த ஓர் எழுத்தைத் திருத்தி மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும்.

மூன்றாவதுதான் பெரிய தொல்லை. வெளிநாட்டு நூலகங்களின் பதிவில் 245-ஆம் புலத்தில் (பதிவுக்குள் எண்ணிட்ட பகுதி) தலைப்பு ரோமன் எழுத்தில் இருக்கும். தமிழ் இருந்தால் 880-இல் ஒதுங்கிக் கிடக்கும். அந்த ரோமனும் நாம் வழக்கமாக எழுதுகிற ரோமன் அன்று. ‘செட்டிநாடு’ என்பது ‘சி’ எழுத்தில் தொடங்கும், அடுத்து ‘எச்’ வராது. வாசகர் ‘எச்’ சேர்த்து அடித்தால் ஒன்றும் கிடைக்காது. இறக்கிய கையோடு தமிழ்த் தலைப்பை 245-க்குக் கொண்டுவந்து, ரோமன் வடிவத்தை 246-இல் (மாற்றுத் தலைப்புக்கான புலம்) வைத்துவிடுவது நம் ஊர் வாசகருக்கு உதவும். எந்த நூலகம் எப்படிச் செய்தாலும் எல்லாரும் ஒரே மாதிரி செய்வது முக்கியம். தனித்தனியாக நகலெடுக்கும் முறையில் அந்த ஒழுங்குதான் முதலில் உடைகிறது.

இரங்கூன் சிறுநூலுக்கு இந்த வழி பெரிதாக உதவாது. ஐஎஸ்பிஎன் முறையே 1970-ஐ ஒட்டித்தான் உலகில் வந்தது. காங்கிரஸ் நூலகம் புதுடில்லியில் அலுவலகம் திறந்து இந்திய மொழி நூல்களை ஒழுங்காகத் திரட்டத் தொடங்கியது 1962-இல். அதற்கு முந்தைய தமிழ் நூல்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல். கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கத் திரட்டியவைதான் 1994-இல் அந்த நூலகத்துக்கு அடிப்படையாயின. ஆகவே நம் வட்டாரத்து நூல்கள் அங்கே தென்பட நல்ல வாய்ப்புண்டு. கும்பாபிஷேக மலரை எங்கே தேடியும் பயனில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதை யாராவது முதன்முதலாகப் பதிந்தாக வேண்டும்.

ஒரே தரவுத்தளம்

அந்த ‘யாராவது ஒருவர்’ ஒருமுறை செய்தால் எல்லாருக்கும் ஆகிவிடுகிற ஏற்பாடு இது. ஒரே கோஹா, ஒவ்வொரு நூலகமும் அதில் ஒரு கிளை. தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆகியவை ஒரு பதிவில் இருக்கும். அதன் கீழே 952-ஆம் புலத்தில் காரைக்குடிப் பிரதி, தேவகோட்டைப் பிரதி என்று வரிசையாகச் சேரும். 50,000 தலைப்பு வரைக்கும் இரண்டு கோர், 4 ஜிபி நினைவகம் கொண்ட சர்வர் தாங்கும்.

தொடங்குமுன் சேர்க்கை எண்ணை (பதிவேட்டில் ஒவ்வொரு பிரதிக்கும் தரும் வரிசை எண்) தீர்க்க வேண்டும். எல்லா நூலகத்திலும் பதிவேடு 1-லிருந்துதான் தொடங்கியிருக்கும். கோஹாவிலோ பார்கோடு முழுத் தரவுத்தளத்திலும் ஒன்றுக்கு ஒன்று மாறுபட்டிருக்க வேண்டும். ஊருக்கு மூன்று எழுத்து முன்னொட்டு வைத்து, எண்ணை ஆறு இலக்கமாக நிரப்பி எழுதினால் மோதல் வராது. இதை மறந்து ஏற்றினால் இரண்டாவது நூலகத்தின் பிரதிகள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். பதிவுகள் ஏறியிருக்கும், பிரதிகள் இருக்காது.

அனுமதியைப் பிரித்துக் கொடுப்பது அடுத்தது. கிளை நூலகருக்குப் பிரதியைச் சேர்க்கவும் திருத்தவும் மட்டும் அனுமதி. மூலப் பதிவைத் தொடுவது இரண்டு மூன்று பேருக்கு மட்டும். எல்லாரும் எல்லாவற்றையும் திருத்தலாம் என்று விட்டால், ஒருவர் சந்தி போட்டுத் திருத்துவார், இன்னொருவர் சந்தியை எடுப்பார். அந்த இரண்டு மூன்று பேர் யார் என்று முடிவாகாத வரை சர்வர் வாங்கிப் பயனில்லை. பொதுத் தரவுத்தளம் கெட்டுப்போவதற்குக் கருவியைவிட இந்தப் பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் கிடப்பதே பெரும்பாலும் காரணம்.

பழைய தரவை ஏற்றும்போதுதான் செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல்கள் வெளிவரும். பெயரின் முன்னெழுத்துகளைப் பாருங்கள். ‘ராம. மெ. லெ.’ என்று இடைவெளி விட்டு ஒரு நூலகம், ‘ராம.மெ.லெ.’ என்று ஒட்டி இன்னொன்று, முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாவது ஒன்று. ஒரே நூலின் பதிவுகளைக் கண்டறியும் பொருத்தும் விதிக்கு இவை மூன்று ஆசிரியர்கள். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் பெயரே ‘கதிரேசஞ் செட்டியார்’, ‘கதிரேசன் செட்டியார்’, வெறும் ‘பண்டிதமணி’ என்று பல வடிவில் இருக்கும். ஆதாரப் பெயர்க் கோப்பில் (பெயர்களின் ஏற்ற வடிவத்தைத் தனியே பதிந்துவைக்கும் கோப்பு) ஒரு வடிவத்தை நிலைநிறுத்தி, மற்றவற்றை 400-ஆம் புலத்தில் ‘இதைப் பார்க்க’ என்று கட்டிவிட வேண்டும். ஒன்பது நகரக் கோயில்களுக்கும் இதேபோல முதல் நாளிலேயே ஒன்பது ஆதாரப் பதிவுகள் உருவாக்கிவிட்டால், பிறகு வரும் மலர், திருப்பணி அறிக்கை, தலபுராணம் எல்லாம் தாமாகவே ஓரிடத்தில் சேரும்.

எழுத்துக்குள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத பிரிவுகள் இருக்கின்றன. ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒரே உயிர்க்குறியாகவும் அடிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் அடிக்கலாம். இதை என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் ஒருசீராக்கினால் தீரும். ‘ஸ்ரீ’ அப்படித் தீராது. ஸகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாக அடித்துவைத்திருப்பதும் அப்படியே. கோயில் மலர்களில் பாதி ‘ஸ்ரீ’யில்தான் தொடங்கும் என்பதால் ஏற்றுவதற்கு முன்பே தேடி மாற்றும் கட்டளை ஒன்றை ஓட்டிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள எக்செல் கோப்புகளை முதலில் யூனிகோடாக மாற்றியாக வேண்டும். கோஹாவின் தேடுபொறி ஜீப்ராவாக இருந்தால் அதை யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றி, முழு மறுஅட்டவணை ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் தமிழ்ச் சொல் தேடல் நம்பும்படி இருக்காது.

ஆண்டும் கவனிக்க வேண்டியது. முகப்புத் தாளில் ‘குரோதன வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1865-ஆகவும் இருக்கலாம், 1925-ஆகவும் இருக்கலாம், 1985-ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயரும் தாளின் தன்மையும் பார்த்து முடிவுசெய்து, அச்சிட்டபடி உள்ளதை 264-இலும் (வெளியீட்டு விவரப் புலம்), நாம் கணித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள்ளும் எழுதுவது முறை. ‘இரங்கூன்’ என்று தலைப்பில் இருந்தால் ‘ரங்கூன்’ என்பதை 246-இல் கொடுங்கள். வாசகர் எப்படி அடிப்பார் என்று சொல்ல முடியாது.

மொத்தமாக ஏற்றும்போது நேரே ஏற்றாமல், முதலில் தற்காலிகத் தொகுப்பில் வைத்துப் பொருத்தும் விதியை ஓட்டிப் பார்க்கலாம். ஐஎஸ்பிஎன் பொருந்தினால் 1000 புள்ளி, பொருந்தியதாக ஏற்கத் தேவையான வாசல் அளவும் 1000 என்பது வழக்கமான அமைப்பு. தொகுதிகள் முழுவதற்கும் ஒரே ஐஎஸ்பிஎன்னை அச்சிடும் பதிப்பகங்கள் உண்டு என்பதால் இதை மட்டும் நம்பினால் நான்கு தொகுதிகள் ஒன்றாகச் சுருங்கிவிடும். பழைய நூலுக்குத் தலைப்புக்கு 600, ஆசிரியருக்கு 400 என்று பிரித்து வைத்து, பொருந்தியவற்றைக் கண்ணால் பார்த்தபின் இணைக்க வேண்டும். தொகுப்பைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. ஆனால் ஏற்றிய பின் புத்தகங்கள் இரவல் போய்விட்டால் திரும்பப் பெறுவது சிக்கலாகும். எனவே அன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள்.

இரவில் திரட்டுவது

தன் மென்பொருளை விட்டுத்தர மனமில்லாத நூலகங்களுக்கு இது. ஒவ்வொன்றும் ஓஏஐ-பிஎம்எச் (பதிவுகளைத் திரட்டக் கொடுக்கும் நெறிமுறை) வழியாகத் தன் பதிவுகளைத் திறந்துவைக்கும். நடுவில் உள்ள வியூஃபைண்ட் போன்ற தேடல் தளம் நேற்றிலிருந்து மாறியவற்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். யாரும் யாருடைய பதிவையும் கெடுக்க முடியாது. நிறுவனங்களுக்குள் பேச்சுவார்த்தையும் குறைவு.

ஆனால் மூன்று இடத்தில் உள்ள நாவல் மூன்று தனி முடிவாகத்தான் தெரியும். இணைப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். 15 கூறுகள் மட்டுமே கொண்ட டப்ளின் கோர் வடிவில் வாங்கினால் பல விவரம் உதிர்ந்துபோகும், மார்க் பதிவை முழுதாகத் தரும் மார்க் எக்ஸ்எம்எல் வடிவையே கேளுங்கள். கோஹா இயல்பாகப் பிரதி விவரத்தை இந்த வழியில் அனுப்பாது; அமைப்புக் கோப்பில் பிரதிகளைச் சேர்க்கச் சொல்லித் தனியாகக் குறிப்பிட வேண்டும். நீக்கிய பதிவுகள் இருக்கும் அட்டவணையை யாராவது ‘சுத்தம்’ செய்துவிட்டால், நீக்கிய செய்தி நடுத்தளத்துக்குப் போகவே போகாது. இல்லாத புத்தகம் தேடலில் நின்றுகொண்டே இருக்கும். மாலையில் கணினியை அணைத்துவிட்டுப் போகும் நூலகத்தில் இரவு திரட்டல் நடக்காது. அங்கே பகல் 11 மணிக்கு ஓட்டுவதுதான் வழி.

பெரிய வலையமைப்புகள்

ஓசிஎல்சி என்ற உலக நூலக வலையமைப்பின் கடல் பெரிது, கட்டணமும் அப்படியே. நம் சங்க நூலகங்களுக்கு அது தேவையில்லை. பல்கலைக்கழக நூலகங்களுக்கு, இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட்டின் கூட்டுப் பட்டியல் இயல்பான இடம். டெல்நெட் என்ற நூலக வலையமைப்பு உறுப்பினர் கட்டணம் கேட்கும், பதிலுக்கு நூல் இரவலும் கட்டுரை நகலும் கிடைக்கும். அதை ஒரு கல்லூரி எடுத்தால் நியாயம் உண்டு. மலரையும் இரங்கூன் நூலையும் இவர்கள் யாரும் நமக்காகப் பதிந்து தரமாட்டார்கள்.

ஆகவே, ஆளில்லாத சிறு நூலகங்களும் வீட்டுச் சேகரிப்புகளும் ஒரே தரவுத்தளத்துக்குள் வருவதே சரி. சொந்த நூலகர் உள்ள கல்லூரிகள் தம் மென்பொருளை வைத்துக்கொண்டு திரட்டலுக்குத் திறந்துவிடலாம். புதிய நூலுக்கு எல்லாரும் நகலெடுக்கட்டும். பழைய நூலுக்குக் கைவேலையை யாராவது ஒருவர் ஏற்கட்டும். சேருமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய உறுதி ஒன்று: விலக நினைக்கும் நூலகத்துக்கு அதன் பதிவுகள் 952 புலத்தோடு மார்க் கோப்பாகக் கிடைக்க வேண்டும். கோஹா தானாக எடுக்கும் காப்புப்பிரதி இயல்பாக அதே சர்வரில் இரண்டு நாளுக்கு மட்டுமே நிற்கும். எனவே வாரம் ஒருமுறையாவது அதை வேறு ஊரில் உள்ள வட்டுக்குக் கொண்டுபோய், மாதம் ஒருமுறை அதிலிருந்து மீட்டுப் பார்க்கவும் ஒருவரை நியமியுங்கள்.