பழைய வாள் வீட்டில் இருந்தால் பாலிஷுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்

தாத்தா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். போன வருஷம் அந்த வீட்டைப் பிரித்தபோது, பரணில் பழைய வேட்டியில் சுற்றிய வளைந்த வாள் ஒன்று கிடைத்தது. எங்கிருந்து வந்தது என்று அத்தைக்கே தெரியவில்லை. இரும்பு கறுத்து, பிடியில் தோல் பாதி உரிந்து கிடந்தது.

பழைய சாமான் பார்த்துச் சொல்பவர் என்று சேலத்தில் ஒருவரைக் கைகாட்டினார்கள். வாங்கிப் பார்த்தவர், பிடிக்குப் பக்கத்தில் துரு கோடு கோடாக ஓடியிருந்த இடத்தைத் தொட்டு, "தம்பி, இது புலிவரிங்க. திப்பு சுல்தான் வாளு. சங்ககிரிக் கோட்டையில இருந்து வந்திருக்கும். சுத்தம் பண்ணித் தர்றேன், அப்பத்தான் முழுசாத் தெரியும்" என்றார். சான்றிதழுக்கும் சேர்த்து 6,000 ரூபாய். திப்பு பெயரைக் கேட்டதும் எனக்கும் புத்தி மழுங்கிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

பத்து நாள் கழித்து வந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. கொலுசுப் பட்டறையில் பஃபிங் போட்டிருக்கிறார் (நம் ஊரில் அதற்கா பஞ்சம்). பிடிக்குப் பக்கத்தில் நிஜமாகவே புலிவரி! "துருவுக்கு அடியில இருந்துச்சுங்க" என்றார். ஆனால் அந்தக் கோடுகளில் விரல் வைத்தால் ஓரம் சுருக்கென்று குத்துகிறது. 200 வருஷத்துக் கோடு அப்படியா இருக்கும்? கையோடு, துபாயில் ஆள் ரெடி, பதிவு செலவுக்கு 40,000 கொடுத்தால் போதும் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அதை வாங்கி விற்கும் தொழில் செய்யவே உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டுங்கள் அண்ணே என்று கேட்டேன், அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

கொடுப்பதற்கு முன்னால் ஆசைக்குச் சில போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது. பழைய ஆயுதம் சேர்க்கும் நண்பர் ஒருவர் அதைப் பார்த்த உடனே சிரித்துவிட்டார். தல்வார் என்கிற நம் நாட்டு வளைந்த வாள் என்றால் பிடியின் முனையில் வட்டத் தட்டு இருக்கும். இதில் குதிரைச் சேணத்து அங்கவடி மாதிரி ஒற்றைக் கம்பி வளைந்து விரல்களை மறைக்கிறது. கத்தி 33 அங்குலம், நுனிக்குப் போகப் போக அகலம். இது 1796ஆம் வருஷ மாடல் என்கிற பிரிட்டிஷ் குதிரைப்படை வாள், லெ மார்ச்சண்ட் என்ற அதிகாரி வடிவமைத்தது. போட்டோவைப் பெரிதாக்கினால் கத்தியின் முதுகில், பிடிக்குச் சற்று மேலே, ஓ, எஸ், பி என்று மூன்று ஆங்கில எழுத்து, மீதி துருவில் மறைந்து. ஆஸ்போர்ன், பர்மிங்காமில் இந்த வாளைச் செய்தவர், லெ மார்ச்சண்டோடு சேர்ந்து வடிவத்தை உருவாக்கியவரும் அவரே. சேலம் 1792 ஒப்பந்தத்திலேயே திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போய்விட்டது, வாள் வந்ததோ அதற்கும் பின்னால்.

ஆக, திப்பு வாள் இல்லை என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. செய்தவன் பெயரோடு இருந்த ஒரு நல்ல வாளை, அந்தப் பெயரையே தேய்த்தெடுத்துவிட்டுப் பொய்க் கோடு போட்டுக் கொடுத்துவிட்டாரே, அதுதான் வயிறு எரிகிறது. 6,000 போனது போனதுதான்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் துருவோடு இருக்கட்டும். தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் துடையுங்கள், உப்புத்தாள், ஆசிட் எதுவும் வேண்டாம். முதுகு, பிடி, நுனி எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்துவிட்டு, அந்தப் போட்டோவை மட்டும் காட்டிக் கேளுங்கள், வாள் வீட்டிலேயே இருக்கட்டும்.

எங்களுடையது மறுபடி அதே வேட்டியில்தான் இருக்கிறது. முதுகில் கட்டைவிரலை ஓட்டினால் எழுத்து இருந்த இடத்தில் லேசாக ஒரு பள்ளம் தட்டுகிறது.